எதை இறக்குவது

டேப்பக்கா அன்று காலையும் வேனிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வாசலில் பரப்பினாள். முந்தின நாள் சாயங்காலம்தான் ஒன்றுவிடாமல் ஏற்றி, கதவைச் சாத்தி, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தாள். ஆனால் மனசு அடங்கவில்லை. போர்வைகளுக்கு அடியில் குக்கரை வைத்தது தப்பு என்று தோன்றியது. அப்புறம் குக்கரே வேண்டுமா என்று தோன்றியது. குக்கர் இல்லையென்றால் கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகுமே என்று அதற்கு மேல் ஒரு கவலை வந்தது. விடிந்ததும் கதவைத் திறந்துவிட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் நடைப்பயிற்சிக்குப் போகும்போது "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார். திரும்பி வரும்போதும் அதையே கேட்டார்.

டேப்பக்கா என்பது கம்பெனியில் வைத்த பேர். வீடு மாற்றிப் போகிறவர்களுக்குச் சாமான் கட்டித் தரும் கம்பெனி அது. பெட்டி ஒட்டுகிற டேப் உருளையை அவள் வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். கண்ணாடிச் சாமான் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கட்டிய பெட்டியில் ஒரு கிண்ணம் விரிசல் விட்டதாகக் கூடப் புகார் வந்ததில்லை. யார் யாரோ எங்கெங்கோ போக அவள் கட்டிக் கொடுத்தாள். லாரி தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, பஸ் பிடித்து, அதே வீட்டுக்கு வந்து, அதே ஆணியில் பையை மாட்டுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே, "நாமளும் எங்கயாவது கிளம்பிடலாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். வேனிலேயே குடியிருந்துகொண்டு, கால் போன போக்கில் ஊர் ஊராக.

புருஷன் பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை சொல்லிக்கொடுத்தவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவள் கிளம்பலாம் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வண்டிய என்கிட்ட விடு. நான் பண்றேன்" என்றார். அவள் காதில் விழுந்தது பயணம், அவர் காதில் விழுந்தது வண்டி. அந்த வித்தியாசம் அன்றைக்கு இருவருக்குமே தெரியவில்லை.

சலவைக் கடைக்காரர் ஒருவர் துணி ஏற்றிப் போய்க்கொண்டிருந்த பழைய வேனை வாங்கினார்கள். மாஸ்டர் அதை வீடாக்கினார். கட்டில், கட்டிலுக்குக் கீழே இழுப்பறைகள், அடுப்பு மேடை, தலைக்கு மேல் இரண்டு பக்கமும் அலமாரி. எல்லாம் பள்ளிக்கூடப் பட்டறை மேஜைக்குப் போடுகிற கனமான மரத்தில். "இதுல யானை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தட்டிக் காட்டுவார். ஒவ்வொரு வேலை முடியும்போதும் இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கும். மடக்கு மேஜை முடிந்தால் மசாலா டப்பா தட்டு. அது முடிந்தால் கண்ணாடி வைத்த சின்ன அலமாரி, அதற்குப் பித்தளைக் கொக்கி. என்றைக்குக் கிளம்பலாம் என்று கேட்டால், "வார்னிஷ் காயட்டும்" என்பார்.

வீட்டையோ ஒரு பல் டாக்டர் தம்பதிக்கு வாடகைக்குப் பேசி முடித்தாகிவிட்டது. அவர்கள் கைக்குழந்தையோடு வந்து ஜன்னலுக்குத் திரை அளவெடுத்துக்கொண்டு போனார்கள். தூர தேசத்தில் இருக்கும் மகன் போனில், "சந்தோஷமா போயிட்டு வாங்கம்மா" என்றதோடு சரி. ஆக, கிளம்ப வேண்டிய நாள் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. டேப்பக்காவுக்குத்தான் கை ஓடவில்லை.

அவளுக்கே இது வெட்கமாக இருந்தது. மூன்று மாடி வீட்டை மத்தியானத்துக்குள் கட்டி முடித்தவள், ஒரு வேனுக்குத் திணறுகிறாளே. யோசித்துப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. அந்த வேலையில் அவள் ஒருநாளும் எதை எடுப்பது, எதை விடுவது என்று தலையை உடைத்துக்கொண்டதில்லை. அது வீட்டுக்காரர்கள் பாடு. அவர்கள் கைகாட்டியதை அவள் கட்டினாள். இப்போது கைகாட்ட ஆளில்லை. ஆளுக்கு ஒரு தட்டு போதுமா? ஒன்று உடைந்தால்? மழைக்கோட்டு சரி, குடை எதற்கு? கல்யாண ஆல்பத்தை எடுத்துப்போனால் ஈரத்தில் வீணாகும், விட்டுவிட்டுப் போனால் பரணில் கரையான் தின்னும். குளிர்ப் பிரதேசத்துக்குப் போகும் எண்ணம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாதபோது தடித்த கம்பளிக் கோட்டை என்ன செய்வது? மாஸ்டர் எட்டிப் பார்த்து, "கோட்டு வேணாம். சாமான் ஜாஸ்தி" என்றார். இறக்கினாள். மறுநாள் மிக்ஸியைப் பார்த்து அதையே சொன்னார். அதையும் இறக்கினாள்.

இறக்கியதை ஈடுகட்டுவதற்கு நாத்தனார் இருந்தாள். மாஸ்டருக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவள். வார்டு வார்டாகச் சாப்பாடு அனுப்பிய கைக்கு, இரண்டு பேருக்கு எவ்வளவு பாத்திரம் போதும் என்பது பிடிபடவே இல்லை. தினமும் காலையில் எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒருநாள் அண்டா. இன்னொருநாள் அதைவிடப் பெரிய அண்டா. ஒருநாள் மடக்கு ஸ்டூல், வெந்நீர்ப் பை. அன்றைக்கு அவள் பையிலிருந்து வெளியே எடுத்தது, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு வைக்கிற மலத்தட்டு.

டேப்பக்கா அதை வாங்காமல் உற்றுப் பார்த்தாள்.

"என்ன பாக்குற? நடுரோட்டுல வயித்த கலக்குனா என்ன பண்ணுவ? அப்ப நெனச்சுக்குவ இந்த அண்ணிய" என்றாள் நாத்தனார்.

அவள் மனம் கோணக்கூடாதே என்று டேப்பக்கா அதையும் வாங்கி ஏற்றினாள். பிற்பாடு அது, பல் டாக்டருக்கு விட்ட இந்த வீட்டுப் பரணுக்கே போனது தனிக்கதை.

காற்று அடிக்க வேனை டயர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. டயர்க்காரர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார், பிறகு தள்ளி நின்று வண்டியைப் பார்த்தார். "உள்ள யானை ஏதும் இருக்கா மாஸ்டர்? வண்டி உக்காந்துடுச்சே" என்றார். இதற்கு இவ்வளவு எடைதான் என்று கம்பெனிக்காரன் கதவோரத் தகட்டில் அடித்திருப்பான், அதைத் தாண்டினால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, முதலில் எடை போட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எடைமேடை ஊருக்கு வெளியே இருந்தது. மணல் லாரியும் பழைய இரும்பு லாரியும் வரிசையில் நின்றன. அவற்றுக்கு நடுவே, பூப்போட்ட ஜன்னல் திரையோடு இவர்கள் வேன் சின்னதாய் நின்றது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த எடைக்காரர் எண்ணைப் பார்த்தார், கதவோரத் தகட்டைக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். நல்ல மனுஷன். எரிந்துவிழாமல், "சாமான எல்லாம் இறக்கிட்டு வெறும் வண்டிய ஒருதடவ ஏத்துங்கம்மா. எது கனம்னு தெரிஞ்சுபோகும்" என்றார்.

டேப்பக்கா தகரக் கொட்டகையின் நிழலில் சாமான்களை இறக்கினாள். இந்த மாதிரி வேலையில் மட்டும் அவள் கைக்குத் தனி வேகம் வந்துவிடும். லாரிக்காரர்கள் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், வீடு காலி பண்ணுகிறீர்களா இல்லை வீட்டுக்காரரோடு சண்டையா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை, ஊர் சுற்றப் போகிறோம் என்றாள். அவர் இரண்டாவது அண்டாவைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வெறும் வண்டி மேடையேறியது. எடைக்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டினார். "அம்மா, தகட்டுல போட்ட எடையில வெறும் வண்டியே முக்கால்வாசிக்கு மேல தின்னுடுச்சு. நீங்க ரெண்டு பேரும் தண்ணியும் ஏறினா, அப்புறம் சாமானுக்குன்னு பெருசா ஒண்ணும் மிச்சமில்ல."

அவள் திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். அவர் வேனின் பின்கதவருகே நின்று, அலமாரிக் கொக்கியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

எத்தனை நாளாக அவள் கரண்டியைக் கூட்டிக் குறைத்திருக்கிறாள். ஆல்பத்திலிருந்து நாலு படத்தை மட்டும் உருவி, மற்றதைத் திரும்ப வைத்திருக்கிறாள். போட்டுக்கொண்டிருந்த செருப்பு போதும் என்று புதுச் செருப்பை விட்டிருக்கிறாள். ஏற்றி இறக்கி இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். கனமெல்லாம் தலைக்கு மேலே, வார்னிஷ் பளபளப்போடு, ஆடாமல் அசையாமல் இருந்திருக்கிறது. இறக்கியதையெல்லாம் திரும்ப ஏற்றினாள். வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் மாஸ்டர் வேனுக்குள் போய் உட்கார்ந்தவர் வெளியே வரவில்லை. டேப்பக்கா வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். துடைத்த ஜன்னலையே துடைத்தாள். காலியாய்க் கிடந்த அறையைப் பெருக்கினாள். கடைசியில் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நேராக வேனுக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. சந்தேகம் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு என் கோட்ட இறக்கச் சொன்னீங்க?"

மாஸ்டர் விரலால் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "அலமாரிய கழட்டினா கிளம்பியாகணும்ல" என்றார். அப்புறம், ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்பதுபோல் நிமிர்ந்தார். "எனக்கு இத பண்றதுதான் பிடிச்சிருந்துச்சு. கிளம்புறது இல்ல."

"இத இப்பவா சொல்றது?"

"நீ எப்ப கேட்ட? என்னைக்குக் கிளம்பலாம்னுதான் தினமும் கேட்ட. வர்றீங்களான்னு ஒருநாளும் கேக்கல."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே வேறு ஒன்றும் வந்தது. ஒருமுறை கம்பெனியில் விலாசம் மாறி, இன்னொருவர் வீட்டுச் சாமானைக் கட்டி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஊர் போய்ச் சேர்ந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. கேட்காமலே ஏற்றிவிட்டோமே என்று அந்த லாரிக்காரர் போனில் குன்றிப்போய்ச் சொன்னார், அப்படி இருந்தது அவளுக்கு இப்போது. இறங்கி நடந்தாள். கால் அவளை நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டது.

நான் அப்பவே சொன்னேனே என்று நாத்தனார் ஆரம்பிப்பாள், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். நாத்தனாரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீ போட எழுந்தாள். அடுப்படியிலிருந்தே பேசினாள். "சின்ன வயசுலயும் அவன் அப்படித்தான். பட்டம் செய்வான், எவ்வளவு அழகா செய்வான் தெரியுமா? ஆனா பறக்க விடமாட்டான். கிழிஞ்சிடுமாம். நான்தான் பிடுங்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன்."

"கிழிஞ்சுதா அண்ணி?"

"கிழியாம? கிழியும். உக்காந்து அழுவான். அப்புறம் அடுத்த பட்டம் செய்வான்." டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "ஆனா ஒண்ணு. அவன் பயந்தாங்கொள்ளின்னு மட்டும் நெனைக்காத. செஞ்சது மேல அவ்வளவு உசுரு" என்றாள்.

டீ குடித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள். வேனுக்குள் ஏறி, தம்பியை ஓரமாக நகரச் சொன்னாள். அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டியைச் சோதிப்பவள் மாதிரி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். தன் சமையலறையில் மாட்டியிருக்கும் தகர அலமாரி துருப்பிடித்து உதிர்கிறது, இந்த இரண்டும் அந்தச் சுவருக்குச் சரியாக இருக்கும், நாளைக்கே கொண்டுவந்து மாட்டிவிட வேண்டும் என்று சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். மாஸ்டர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பைக்குப் போகாது, அக்கா வீட்டுச் சுவரில் இருக்கும் என்பது மெதுவாக அவருக்குள் இறங்கியது. எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார்.

கழற்றுவது லேசாக இல்லை. ஆணி, ஸ்க்ரூ எல்லாம் வந்துவிட்டன. மூலையில் ஒரு பொருத்து மட்டும் வரமாட்டேன் என்றது. என்றைக்கும் பிரியக்கூடாது என்று பசை போட்டு இறுக்கியிருந்தார். ரம்பத்தால் அறுத்தால்தான் உண்டு. அவர் ரம்பத்தை டேப்பக்காவிடம் நீட்டினார். "நீயே அறு. என்னால முடியாது." அவர் வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவள் ரம்பம் பிடித்தே பழக்கமில்லாதவள். நாலு இழுப்பு இழுத்தாள். சத்தத்தைக் கேட்டே அவருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். கோடு பாம்பு மாதிரி வளைந்து போயிருந்தது. "இப்படியா அறுப்பாங்க?" என்று ரம்பத்தைப் பிடுங்கி, முழங்காலிட்டு, மிச்சத்தை நேராக அவரே அறுத்து முடித்தார்.

மரத்தூள் தலையெல்லாம் படிந்து அவர் உட்கார்ந்திருந்தபோது டேப்பக்கா கேட்டாள். "வர்றீங்களா?"

அவர் யோசித்தார். அவள் அவர் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

"கொஞ்ச நாள் வர்றேன். முடியலைன்னா சொல்லுவேன்."

"சொல்லுங்க. சொன்னா கேக்கிறேன்."

அதற்குப் பிறகு சாமான் கட்டுவது ஒரு பிரச்சினையாகவே இல்லை. அலமாரி இருந்த இடத்தில் கயிறு கட்டி, கூடாரத் துணியில் பைகள் தைத்துத் தொங்கவிட்டாள். தண்ணீர்க் கேன், மருந்து டப்பா, கேஸ் அடுப்பு, குக்கர், மழைக்கோட்டு, டார்ச், மாற்றுச் சக்கரம். அவருடைய கருவிப் பெட்டியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை, அது தானாக ஏறிக்கொண்டது. கம்பளிக் கோட்டும் ஏறியது. அண்டா இரண்டும் அலமாரிகளோடு நாத்தனார் வீட்டுக்கே திரும்பின. எடைமேடையில் ஏற்றியபோது எடைக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பல் டாக்டரின் லாரி ஒரு பக்கம் வந்து நிற்க, இவர்கள் வேன் மறுபக்கம் கிளம்பியது. நாத்தனார் அழவில்லை. குக்கர் விசிலைத் துடைத்து வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

டேப்பக்காதான் ஓட்டினாள். யாரோ துரத்துகிற மாதிரி ஓட்டினாள். ஓரிடத்தில் இரவு தங்கினால், காலையில் டீ ஆறுவதற்குள் படுக்கையைச் சுருட்டிவிடுவாள். மாஸ்டர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஏறி உட்கார வேண்டியிருக்கும். அருவிக்குப் போனார்கள், கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள், திரும்பினார்கள். மலை மேல் ஓர் ஊரில் பனி இறங்கும் என்று சொன்னார்கள், இறங்குவதற்குள் இவர்கள் அடிவாரத்தில் இருந்தார்கள். ஒரு நாள், பார்த்த ஏரி எது, பார்க்காத ஏரி எது என்று மாஸ்டர் கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. போய்ச் சேருகிற இடமெல்லாம் அவளுக்குத் தெருமுனை மாதிரிதான் பட்டது. திரும்பினால் ஏதோ இருக்கும் என்று தோன்றும். திரும்பினால் இன்னொரு முனை நிற்கும்.

அப்படித்தான் ஒரு பெரிய ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். வண்டிகள் நிற்பதற்கென்றே புல்தரை விட்டிருந்தார்கள். பக்கத்தில், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் கேரவன் ஒன்று நின்றது. அதில் ஒரு நர்ஸம்மா தனியாக இருந்தாள். கேரவன் கதவு தொங்கிப்போய், சாத்தினால் சேரவில்லை. கயிறு போட்டுக் கட்டித்தான் தூங்குகிறாள். மாஸ்டர் அந்தக் கதவைப் பார்த்தார். கிளம்பியதிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு களை வந்தது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர், இருட்டும் வரை அங்கேதான் இருந்தார். விடிந்ததும் திரும்பவும் போனார்.

டேப்பக்கா படுக்கையைச் சுருட்டினாள். பைகளை இறுக்கினாள். அடுப்பை உள்ளே வைத்தாள். இன்ஜினை ஓடவிட்டு ஹாரன் அடித்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அடித்தாள்.

மாஸ்டர் வந்தார். ஏறவில்லை. ஓட்டுகிறவள் பக்கத்து ஜன்னலருகே வந்து நின்றார். கையில் கழற்றிய கீல் இருந்தது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"நான் ஒண்ணும் நீ கட்டி ஏத்துன பொட்டி இல்ல."

அவள் இன்ஜினை அணைத்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன. கோபித்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள், கோபம் வரவில்லை. முடியலைன்னா சொல்லுவேன் என்றார், சொல்லிவிட்டார். சொன்னால் கேட்கிறேன் என்றவள் அவள்.

"இங்கயே இருந்துடலாம்ங்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. போகலாம். எங்க போறதுன்னு நீ சொல்லு, நான் குறுக்க வரமாட்டேன். எவ்வளவு நாள் நிக்கிறதுன்னு நான் சொல்றேன்."

அவள் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தாள். ரோடு ஏரியைச் சுற்றிக்கொண்டு மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. "இங்க எவ்வளவு நாள்?" என்றாள்.

"கதவு முடியட்டும். அந்தம்மா ஜன்னலும் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, அவள் சரி என்று சொல்வதற்குக் காத்திராமல் போய்விட்டார்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கரையோரமாக வளைவு வரை நடந்தாள், திரும்பினாள். மறுபடி வளைவு வரை போனாள். நர்ஸம்மா படியில் உட்கார்ந்தபடி, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்தாள். ஒன்றுமில்லை என்று டேப்பக்கா சொன்னாள். உள்ளங்காலில் குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது. வீட்டில் இருந்தபோது எப்படி இருந்ததோ, அதே குறுகுறுப்பு. ஊரை விட்டுக் கிளம்பினால் போய்விடும் என்று நினைத்தது போகவில்லை. அது எங்கே போனாலும் கூட வரும் போலிருக்கிறதே என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் பயமாகவும், கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

வேனுக்கு வந்தாள். கயிற்றில் தொங்கிய பைகளில் ஒன்றை முதல்முறையாக இறக்கி, வாயைப் பிரித்து, கிளம்பியதிலிருந்து மடித்தே வைத்திருந்த துணிகளை வெளியே எடுத்தாள். அழுக்குத் துணியையெல்லாம் துவைத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே கொடி கட்டிக் காயப்போட்டாள். பக்கத்தில் மாஸ்டர் சுத்தியலால் தட்டுகிற சத்தமும், நர்ஸம்மாவிடம் எதையோ விளக்கிக்கொண்டிருக்கிற குரலும் கேட்டன. டேப்பக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, துணி காய எவ்வளவு நேரமாகும் என்று வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.